விகடகவியைத் திருப்பிப் பாருங்கள்

காலேஜ் முதல் வருஷம் சி லேபில் நாம எல்லாரும் போட்ட கணக்குதான். ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருதா? 'மேடம்' என்று ஆங்கிலத்தில் கொடுப்போம், 'ஆமாம்' என்று வரும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவோம். அதே ப்ரோகிராமில் 'விகடகவி' என்று தமிழில் கொடுத்துப் பாருங்கள். 'இல்லை' என்று சொல்லும்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்பது வயசுப் பையன்.

மெல்பர்னில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் நான் தன்னார்வலர். போன வருஷம் ஆண்டு விழாவுக்கு, பிள்ளைகளின் பெயரைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பிரித்து அட்டை அடிக்க வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வருஷமா இதே தொழில், பத்து நிமிஷ வேலைனு நினைச்சேன். ஏஐ-கிட்ட கேட்டேன், கொடுத்துச்சு, படிச்சுக்கூடப் பாக்காம ஓட்டிட்டேன்.

கவினுக்கு மூணு கட்டம் வரணும். அஞ்சு வந்துச்சு. 'க', 'வ', அடுத்து புள்ளி வட்டத்தின் மேல் தொங்கும் இகரக் குறி, 'ன', இன்னொரு வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. அட்டையைக் கையில் வச்சுக்கிட்டு அவன் கேட்டான்: "அங்கிள், தமிழ் கம்ப்யூட்டர்ல ஒர்க் ஆகாதா?"

தப்பு தமிழில் இல்லை, என்னிடம். யூனிகோடில் 'வி' என்பது 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு எண்கள். புள்ளிக்கும் தனி எண். அதனால்தான் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைதான் ஐந்து என்கிறது. கண்மூடித்தனமாகத் திருப்பினால் குறி பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கையாலேயே எழுதினேன். குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லாவிட்டால் புதுக் கட்டம். ஆறே வரி. அதற்குத் தயாராக நூலகங்கள் இருக்கு, தெரியும். ஆனா ஆறு வரியை நானே எழுதின பிறகுதான் அவை என்ன செய்யுதுன்னே புரிஞ்சுது.

அந்த ஆறு வரி இப்போ என் துண்டுக்கோப்பில் இருக்கு. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே எது உடைஞ்சதால இதை எழுதினேன்னு ஒரு வரி. அடுத்த துண்டு 'கோமதி'. 'கோ'வில் வரும் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், இரண்டாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. வருகைப் பட்டியலில் தேடினால் பிள்ளை காணாமல் போயிடுவாள். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒரு வரி போதும்.

ஏஐ வேண்டாம்னு சொல்லலை. நானும் தினமும்தான் கேக்கிறேன். ஆனா பதில் தப்புன்னு கண்டுபிடிக்க, இந்த மாதிரிச் சின்னக் கணக்கை ஒரு தடவையாவது கையால் போட்டிருக்கணும். அதுவும் நம்ம வீட்டுப் பெயர்களை வச்சு. அந்தப் பெயர்களை வேறு யார் சோதிச்சுப் பாக்கப் போறாங்க?

கவினுக்கு மறு வாரமே புது அட்டை கொடுத்தாச்சு. பெரிய பிள்ளைகளுக்கு விகடகவிக் கணக்கு கொடுத்திருக்கேன். 'ஸ்ரீ'ன்னு பேர் ஆரம்பிக்கிற ஒரு பொண்ணு, என் ஆறு வரி அதை இரண்டு கட்டமா உடைக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டா. நான் திருத்தித் தரேன்னேன். வேண்டாம் அங்கிள், நானே பாத்துக்கிறேன்னுட்டா.