எல்லாத்துக்கும் ஒரே கட்டா?

மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்தைக் கை காட்டினால், "கட் பண்ணித் தரவாக்கா?" தையல் கடையில் கேட்டால், "ஜாக்கெட் துணி இன்னும் கட் பண்ணலையே மேடம்." தெருமுனை இளநீர்க்காரரும், "ஒண்ணு கட் பண்ணட்டுமா?" என்கிறார். சீவுகிற அரிவாள் அவர் கையிலேயே இருக்கிறது. சீவுகிற சொல் மட்டும் எங்கே போச்சு?

ஆங்கிலம் கலந்து பேசுகிறோமே என்கிற பழைய புலம்பல் இல்லைங்க இது. பஸ் வந்தது, டிக்கெட் வந்தது, சைக்கிள் வந்தது. நம்மிடம் இல்லாத பொருள், வரும்போது பேரையும் கூட்டிக்கொண்டு வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். வெட்டுகிற வேலை நம்மிடம் இல்லாமலா இருந்தது?

சமீபத்தில் என் அக்கா மகள் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்ய இறங்கினாள். வீடியோவில் ஒரு அம்மா, "பிஞ்சுக் கத்தரிக்காயை நாலா கட் பண்ணிக்கோங்க" என்றார்கள். இவளும் பண்ணினாள். தட்டு நிறைய தனித்தனியாக நாலு நாலு துண்டு. வறுத்து அரைத்த மசாலாவை இனி எதற்குள் அடைப்பது? பிள்ளை மேல் தப்பே கிடையாது. "காம்பை விட்டுட்டு நாலா கீறிக்கோ" என்று சொல்லியிருந்தால் கை தானாக நின்றிருக்கும். கீறினால் விரியும், பிரிந்து விழாது. அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே செய்முறையும் இருக்கிறது. அதைத்தான் அந்த வீடியோ முழுங்கிவிட்டது.

சமையலறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்களேன். வெங்காயத்தைப் பொடியாக அரியலாம், வெண்டைக்காயை நறுக்கலாம், பூசணியைப் பத்தை போடலாம், இஞ்சியைத் தோல் சீவலாம். கறிவேப்பிலையை உருவலாம், கொத்தமல்லியைக் கிள்ளிப் போடலாம், கீரையை ஆயலாம். தட்டில் வந்த இட்லியை விண்டு சாப்பிடலாம். இதில் எதை எடுத்து எதன் இடத்தில் வைக்க முடியும்? கீரையை 'ஆய்' என்றால் பழுத்ததைத் தள்ளு, பூச்சி பார், முற்றிய தண்டை ஒடித்துப் போடு, அத்தனையும் அடக்கம். "கீரையை கட் பண்ணு" என்று சொல்லிவிட்டு, குழம்பில் புழு மிதந்தால் யாரைத் திட்டுவது?

வீட்டை விட்டு வெளியே வாருங்கள். நெல்லை அறுக்கிறார்கள், கம்பங்கதிரைக் கொய்கிறார்கள், கரும்பை வெட்டுகிறார்கள், தென்னம்பாளையைச் சீவுகிறார்கள், கிளையைக் கழிக்கிறார்கள். மரத்தை அறுப்பதும் பிளப்பதும் ஒன்றா? வாள் தன் போக்கில் போனால் அறுப்பு. கோடாலி இறங்கி, கட்டை தன் நார் ஓடுகிற வழியில் இரண்டாக விரிந்தால் பிளப்பு. விறகு பிளந்து பிழைத்த மனிதர் மரத்தை எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் பேச்சில் ஏறியிருக்கும்! பச்சை மிளகாயைக் கீறுவது, மயிரை வகிர்ந்து வகிடு எடுப்பது, துணியை நூல் பிசகாமல் கிழிப்பது, விறகைப் பிளப்பது எல்லாமே ஒன்றை இரண்டாக்குகிற வேலைதான். நாலுக்கும் கை வேறு, கவனம் வேறு, கருவி வேறு. இப்போது நாலும் கட்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இங்கிலீஷ்காரர்களே இப்படிப் பேசுவதில்லை. அவர்களுக்கு ஸ்லைஸ் வேறு, சாப் வேறு, டைஸ் வேறு, மின்ஸ் வேறு, ஸ்லிட் வேறு. புல்லுக்கு மோ, கதிருக்கு ரீப், விறகுக்கு ஸ்ப்ளிட். அவர்கள் தங்கள் சொற்களைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். நாம் அங்கிருந்து ஒன்றே ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் இருந்த அத்தனையையும் வெளியே தள்ளிவிட்டோம். கடன் வாங்கியும் ஏழையானோம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மறைமலையடிகள் 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி நூறு வருஷம் தாண்டிவிட்டது. பேருந்து கிடைத்தது, கணினி கிடைத்தது. நல்லது. ஆனால் நாம் போட்ட சண்டையெல்லாம் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்காகத்தான். வினைச்சொல்லுக்குக் காவல் நின்றது யார்? "பேருந்தை ஸ்டாப் பண்ணுங்க" என்று ஒருவர் சொன்னால் அதில் எது தமிழ்? பின்னால் ஒரு 'பண்ணு'வைச் சேர்த்துவிட்டால் போதும், மிக்ஸ், வாஷ், ஓப்பன், கட் என்று எதுவும் உள்ளே வரலாம். தமிழ்ப் பெயர் வைத்த சினிமாவுக்கு 2006-ல் கேளிக்கை வரிவிலக்கு வந்தது. அதுவும் பெயருக்குத்தான். 2010-ல் 'வ' என்று ஒரு படம் வந்தது. 'வ' என்பது கால் பங்குக்கு நம் பழைய கணக்கில் இருந்த குறி. பெயரில் அந்தக் கால் இருந்தது. கதையில் இரண்டு பேர் ராத்திரி முழுக்கத் தேடி அலைந்தது குவாட்டர் கட்டிங்கை!

ஒரு வினை செத்தால் அதோடு போகாது. வெட்டு என்பதிலிருந்து கல்வெட்டு, பாக்குவெட்டி, மின்வெட்டு. அறு என்பதிலிருந்து அறுவடை, அறுவை சிகிச்சை. அரி என்பதிலிருந்து அரிவாள், அரிவாள்மணை. துணித்தல் என்றால் வெட்டுதல். நாம் உடுத்துகிற துணியும் அந்தக் குடும்பம்தான். 'கட் பண்ணு'விலிருந்து எந்தச் சொல் பிறக்கும்? 2012-ல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் வெந்துகொண்டிருந்தபோது பேப்பரில் மின்வெட்டு என்று போட்டார்கள். நாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பவர் கட் என்றோம்.

வயல்காட்டில் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கிறது. மெஷின் வந்த பிறகும், "அறுப்பு முடிஞ்சுதா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். அதுவும் எத்தனை நாளைக்கோ.

போனில் பேசும்போதுதான் எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. என் அம்மா பேச்சை முடிக்கிற நேரம் வந்தால், "வெச்சிடட்டுமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு வைக்க மாட்டாள். அடுத்த வீட்டுக் கல்யாணம், முழங்கால் வலி, ரேஷன் கடைப் பருப்பு என்று இன்னும் பத்து நிமிஷம் ஓடும். வைக்கட்டுமா என்று கேட்டால், இரு, இன்னொரு விஷயம் என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு இடம் இருக்கிறது. "சரி, கட் பண்றேன்" என்று சொன்ன பிறகு யார் என்ன பேசுவது?