தீவிலே மத்தியானச் சாப்பாடு



யாழ்ப்பாணத்தில் இருந்து தீவுப்பக்கம் வெளிக்கிடுகிற குடும்பங்களைப் பாருங்கள். பையில் முதலில் ஏறுவது சாப்பாட்டுப் பார்சல்தான். "அங்கை ஒண்டும் கிடையாது, கட்டிக்கொண்டு போங்கோ" என்று பெரியவர்கள் சொல்லித்தான் அனுப்புவார்கள். நானும் பல வருடம் கட்டுச்சோற்றையும் முட்டைப் பொரியலையும் சுமந்துகொண்டு போய், கடற்கரையில் மணல் விழ விழச் சாப்பிட்டு வந்தவள்தான். அது எவ்வளவு பிழையான பழக்கம் என்று இந்தமுறைதான் விளங்கியது.

முல்லைத்தீவில் இருந்து என்னிடம் வந்திருந்த ஒரு தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். கணவர் 2009இல் காணாமல் போனவர். இடியப்பம் அவித்து விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்து வருகிறார். நயினாதீவு அம்மனுக்கு அவருக்கு ஒரு நேர்த்தி இருந்தது. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவுத் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு குறிகட்டுவானில் போய் இறங்கினோம். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடம் வரையில்தான்.

நயினாதீவில் எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்கு ஊரே ஒரு பதில் வைத்திருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் மத்தியானப் பூசை முடிந்ததும் அன்னதானம். அந்த மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. யார், எவர், எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. நாக விகாரைக்குத் தெற்கில் இருந்து வருகிற சிங்களக் குடும்பங்களும் வந்து சாப்பிடுவதுண்டு. சோறு, பருப்பு, மரக்கறி, சில நாளில் பாயாசம். ஆனியில் திருவிழாக் காலம் என்றால் சனம் அலைமோதும். பிள்ளைகளோடு போகிறவர்கள் கொஞ்சம் வேளைக்கே போய் நிற்பது நல்லது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் தேநீர்க் கடைகள்தான். வடை, பணிஸ் கிடைக்கும். கோயிலடி என்றபடியால் எல்லாம் சைவம்.

மண்டப வாசலில் சனம் வரிசையாக நின்றது. நானும் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் தங்கையைக் காணவில்லை. மர நிழலில் இருந்தார்.

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ அக்கா. நான் உதிலை இருக்கிறன்."

"பசிக்கேல்லையோ?"

"பசிக்குது. ஆனா வரிசையிலை நிக்க ஏலாது. முகாமிலை தட்டோடை நிண்டதுதான் கண்ணுக்கு வருது. வெளியிலை வந்தாப் பிறகு நான் சோத்துக்கு வரிசையிலை நிண்டதில்லை."

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. நான் வற்புறுத்தவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் ஒரு அம்மா போட்டிருந்த கடையில் வடையும் தேநீரும் எடுத்தோம். அம்மன் கோவிக்க மாட்டா என்று நினைக்கிறேன்.

வடை தின்றுகொண்டு இருக்கும்போது அந்த மண்டபத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். மணிமேகலைக் கதையைச் சொன்னேன். காப்பியத்தில் வருகிற மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று பலர் கருதுவார்கள். அங்கே கோமுகி என்ற பொய்கையில் இருந்து, வைகாசிப் பூரணையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் மேலே வருகிறது. அதுதான் அமுதசுரபி. மணிமேகலை அதைக் கையில் ஏந்திப் பூம்புகாருக்குப் போகிறாள். ஆனால் பாத்திரம் சும்மா சுரக்காது. முதற் சோற்றை ஒரு நல்ல பெண் போடவேண்டும். அந்தப் பெண் ஆதிரை. அவளுடைய கணவன் சாதுவன் கப்பலேறிப் போனவன். கப்பல் உடைந்து இறந்துவிட்டான் என்று செய்தி சொல்கிறார்கள். அவள் தீ மூட்டி அதில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை.

தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவன் திரும்பி வந்தவனோ?"

"வந்தான்" என்றேன். தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கொடுத்துவிட்டு எழும்பிவிட்டார். அந்தக் கதையை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்னமும் எனக்கு யோசனைதான்.

அடுத்த நாள் நெடுந்தீவு. இது வேறு விதமான தீவு. குறிகட்டுவானில் இருந்து படகு ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். காற்றுக் காலத்தில் அலை வயிற்றைப் பிரட்டும். 1985 மே 15 அன்று இந்தக் கடலில்தான் குமுதினிப் படகில் வந்த இருபதுக்கும் மேற்பட்ட சனத்தை வெட்டிக் கொன்றார்கள். மாவிலித்துறையில் இறங்கியதும் நினைவிடம் இருக்கிறது. நின்று தலைகுனிந்துவிட்டுத்தான் மேலே நடந்தோம்.

அங்கே பார்க்க நிறைய உண்டு. பவளக் கல் மதில்கள், கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்க மரம், ஒல்லாந்தர் கோட்டை. போர்த்துக்கேயர் இதற்குப் பசுத்தீவு என்று தங்கள் பாஷையில் பெயர் வைத்தார்கள்; அவ்வளவு மாடுகள். காலைப் படகில் வருகிறவர்கள் ஓட்டோ பிடித்துச் சுற்றிவிட்டு, பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். நடுவில் வருவது ஒரே ஒரு சாப்பாட்டு நேரம். அந்த ஒரு நேரத்துக்கும் பார்சல் கட்டிக்கொண்டு வந்தால், தீவுக்கு மிஞ்சுவது லஞ்ச் சீற்றும் வெறும் போத்தலும்தான். காசு வந்த படகிலேயே திரும்பிப் போய்விடுகிறது.

நாங்கள் முதல்நாள் இரவே ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் மூலம் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தோம். அந்த அம்மா தொலைபேசியில் கேட்டது மூன்று விஷயம்: எத்தனை பேர், நண்டு சாப்பிடுவோமா, எந்தப் படகில் திரும்புகிறோம். நல்ல வியாபாரிக்குத் தேவையான கேள்விகள் இவ்வளவுதான். நெடுந்தீவில் கடைகள் இல்லை என்று அர்த்தமில்லை. சிறிய சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் உலை வைத்துவிட்டு, மிஞ்சிய சோற்றை என்ன செய்வது? அதனால் முன்கூட்டிச் சொல்லாதவர்களுக்குச் சில நாள் சோறு கிடைக்காது. "அங்கை ஒண்டும் கிடையாது" என்ற பேச்சு வந்த வழி இதுதான்.

குத்தரிசிச் சோறு, நண்டுக் குழம்பு, ஒட்டி மீன் சொதி, முருங்கையிலை வறை, வாழைக்காய்ப் பொரியல். விறகடுப்பில் வைத்த குழம்பின் வாசமே வேறு. பாயில் இருந்து சாப்பிட்டோம். அந்த அம்மா அகப்பையோடு நின்று, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டே பிள்ளை?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டா. முதல்நாள் வரிசைக்கு வரமாட்டேன் என்ற தங்கை, "காணும் அம்மா" என்று சொல்ல மூன்றாம் முறை ஆகிவிட்டது.

கை கழுவியதும் அவர் தொடங்கிவிட்டார். அரிசி எவ்வளவு? ஒரு கிலோவுக்கு ஆறேழு பேர் என்கிறா அம்மா. மீன் விலை? துறையிலேயே வாங்குவதால் பட்டணத்தை விட மலிவு. ஆனால் மரக்கறியும் எண்ணெயும் படகில் வருவதால் விலை கூட. தேங்காய், தூள், விறகு எல்லாம் எழுதினார். கடைசியில், "அம்மா, உங்கடை கூலி எங்கை?" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு, "எனக்கென்ன கூலி, வீட்டிலை சமைக்கிறதுதானே" என்றா.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கோபப்பட்டுத்தான் சொல்கிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பித் துறைக்குப் போய், நண்டு உடைத்து, தேங்காய் திருவி, பன்னிரண்டு மணிக்குச் சோறு போடுவது அரைநாளுக்கு மேற்பட்ட வேலை. வெங்காயம் பிடுங்கப் போனாலும் அதற்கு நாட்கூலி உண்டு. பொருட்செலவோடு அந்தக் கூலியையும் சேர்த்து, வந்த தலைகளால் பிரித்துத்தான் ஒரு சாப்பாட்டின் விலையைச் சொல்லவேண்டும். பத்துப் பேருக்கு மேல் என்றால் அரைவாசிக் காசை முன்பணமாக வாங்குவதில் வெட்கம் வேண்டாம். படகு ஓடாமல் விட்டால் நட்டம் சமைத்தவளுக்குத்தானே.

ஒடியல் கூழ் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது இரண்டு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. ஒடியல் மாவை ஊறவைத்துக் காறல் போகக் கழுவவேண்டும். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை என்று ஒரு சந்தையே வேண்டும். அயலில் நாலு பெண்கள் சேர்ந்து காய்ச்சினால்தான் கட்டும். சேர்ந்து செய்வதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. திருநெல்வேலியில் மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகத்தைப் பாருங்கள். ஒரு கூரை, ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் அடுப்பு, தன் பலகாரம், தன் வருமானம். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயிலும் பெண்கள் குழுவாக உணவகம் நடத்துகிறார்கள். எங்களைப் போலவே சிறு தீவுகளான மாலைதீவில், வெளிநாட்டார் நெடுங்காலம் தனித் தீவு விடுதிகளில்தான் தங்கினார்கள். ஊர்மனைத் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த 2009ஐ ஒட்டி வழி விட்ட பிறகுதான் உல்லாசப் பயணிகளின் காசு சாதாரண வீடுகளுக்கும் வரத் தொடங்கியது.

தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். கிணற்றுத் தண்ணீரும் மலசலகூடமும் முக்கியம். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் இல்லை, குடிக்கக் கொடுப்பதைக் கொதிக்க வைத்தே கொடுங்கள். பிரதேச சபையில் பதிவைப் பற்றிக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். சுயதொழில் உதவி விபரம் அவரிடம் கிடைக்கும். பிறகு உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் துறையடியில் நிற்கிற ஓட்டோக்காரரிடம் கொடுத்து வையுங்கள். பெயர்ப்பலகையை விட அது வேலை செய்யும்.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு ஒன்றுதான்: முதல்நாளே சொல்லுங்கள், சொன்னால் போங்கள், பேசிய காசில் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பின்னேரப் படகில் தங்கை எழுதிய கணக்குத் துண்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். குறிகட்டுவான் துறை தெரியத் தொடங்கியபோது கேட்டார்: "அக்கா, எங்கடை வற்றாப்பளைப் பொங்கலுக்கு எத்தினை ஊர்ச் சனம் வருது. அதுகள் அடுத்தநாள் காலமை எங்கை சாப்பிடுகுதுகள்?"