மருந்து தொடங்கிய தேதி என்ன?

வார்டில் கலகலப்பாக இருந்தவர் திடீரென்று பேச்சைக் குறைக்கிறார், சாப்பாட்டை ஒதுக்குகிறார். 'இவ்வளவு பெரிய நோய் வந்தா மனசு ஒடியாதா?' என்கிறார்கள் வீட்டார். மருத்துவரும் ஆமோதிக்கிறார். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால், எந்த மருந்து எப்போது தொடங்கப்பட்டது என்று கேஸ் ஷீட்டைப் புரட்டாமலேயே அந்த முடிவுக்கு வந்து, கையோடு இன்னொரு மாத்திரையும் எழுதுவது சோம்பல்.

ஸ்டீராய்டையே எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை நோயாளிகளிடம் பாஸ்டன் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நடத்திய ஆய்வு 1972இல் வெளியானது. தினமும் 40 மி.கி. வரை பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 1.3% பேருக்கு மனநலப் பாதிப்பு, 80 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களில் 18.4%. சோர்வு மட்டுமல்ல, அளவு மீறிய உற்சாகமும் மனப்பிறழ்வும் இதில் அடங்கும். மருந்தின் அளவோடு சேர்ந்து பாதிப்பும் ஏறுகிறதே, அதைவிட வலுவான சாட்சி வேண்டுமா? அதற்காக நோயாளியே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆனால், மருந்துகள்மேல் விழும் எல்லாப் பழியும் உண்மையல்ல. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் உலகுக்குச் சொன்னார். அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் மனச்சோர்வு தருவதாக 1950களில் பேச்சு பரவி, பாடநூல்வரை ஏறியது. 1955இல் டேவிஸும் ஷெப்பர்டும் நடத்திய சோதனையிலோ, பதற்றமும் சோர்வும் கொண்டவர்கள் அதே மருந்தால் தேறினார்கள்! அதைப் பாடநூல்கள் கண்டுகொள்ளவில்லை. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் புரோபிரனலால் வகை மருந்துகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். பல சோதனைகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவற்றை எடுத்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இல்லை. கூடியவை தூக்கக் கோளாறும் விசித்திரக் கனவுகளும்தான். தூக்கம் கெட்டவரின் முகத்தைப் பார்த்தால் யாரும் மனச்சோர்வு என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே, சந்தேகத்தை எங்கே செலவழிப்பது என்பதே கேள்வி. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இந்தியாவில் தரப்படும் சைக்ளோசெரின் அதற்குத் தகுதியானது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அதைத் தரக் கூடாது என்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. முன்பு மனச்சோர்வு இருந்ததா என்று முதல் நாளே கேட்க ஸ்கேன் தேவையில்லை. காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் எடை பார்க்கிறவர்கள், தூக்கம் எப்படி, வாழவே பிடிக்காமல் போகிறதா என்று கேட்டு, அதே சிகிச்சை அட்டையில் தேதியோடு எழுதிவைக்கலாம்.