கரி நிறைந்துவிட்டால்...

மணல் வடிகட்டி தன் நிலையை மறைப்பதில்லை. அழுக்கு மிகுந்தால் அடைத்துக்கொள்ளும்; நீர் இறங்காது; பணியாளர் வந்து கழுவியே தீர வேண்டும். கரி வடிகட்டியின் இயல்போ வேறு. ஆற்றல் தீர்ந்த பின்னரும் அதிலிருந்து நீர் தெளிவாகவும் தடையின்றியும் வந்துகொண்டிருக்கும். குடிநீர் நிலையத்தில் கரியை உரிய காலத்தில் மாற்றுவது ஏன் அத்துணை அவசியம் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகர் சார்ல்ஸ்டன். 2014 ஜனவரி 9 அன்று, எல்க் ஆற்றங்கரையில் இருந்த ஃபிரீடம் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தின் தொட்டியிலிருந்து, நிலக்கரியைக் கழுவப் பயன்படும் எம்.சி.எச்.எம். என்ற இரசாயனம் கசிந்து ஆற்றில் கலந்தது. அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் கீழேதான் குடிநீர் நிலையம் ஆற்று நீரை எடுத்துக்கொண்டிருந்தது. குழாய் நீரில் அதிமதுரத்தின் வாசனை வீசிற்று. குடிக்கவோ, சமைக்கவோ, குளிக்கவோ கூடாதென்று சுமார் 3 இலட்சம் மக்களுக்கு ஆணை பிறந்தது. கழிப்பறைக்கும் தீயணைப்புக்கும் மட்டுமே விலக்கு. குழாயைத் திறந்து ஒளுச் செய்யவும் இயலாத வீட்டை எண்ணிப் பாருங்கள், நெருக்கடி விளங்கும்.

அந்நிலையத்தில் 16 கரி வடிகட்டிகள் இருந்தன. இருந்தும் ஏன் இந்நிலை? நிலக்கரி, தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றைக் கரியாக்கி, உயர்ந்த வெப்பத்தில் நீராவி செலுத்தினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் அதில் உண்டாகின்றன. (தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிரட்டையிலிருந்து இதைத் தயாரித்து ஏற்றுமதி செய்கிறார்கள்.) ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் இருக்கும். நாற்றமும் இரசாயனமும் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இடம் உள்ளவரைதான் ஒட்டும். வந்து மோதிய இரசாயனத்தின் அளவுக்கு அந்த 16 வடிகட்டிகளும் ஈடுகொடுக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்ததுதான் கவனிக்கத்தக்கது. சில நாட்களில் ஆணை படிப்படியாக விலக்கப்பட்டது. ஆற்றில் கசிவு நின்றது. வாசனையோ வாரக்கணக்கில் நீடித்தது. மார்ச்சில் நுட்பமாகச் சோதித்தபோது, நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் மிகச் சிறிய அளவில் அதே இரசாயனம் காணப்பட்டது. வரும் நீர் தூய்மையாகிவிட்டதால், கரி தான் பற்றியிருந்ததைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தந்துகொண்டிருந்தது! தடுக்க வைத்த பொருளே ஊற்றாகிவிட்டது. ஏப்ரலில் தொடங்கி, ஜூனில்தான் 16 வடிகட்டிகளிலும் புதிய கரி நிரப்பி முடிந்தது.

ஏன் இத்தனை நாட்கள் என்று கேட்கலாம். ஊருக்கு நீர் நிற்கக் கூடாது; ஆகவே இப்பணியை ஒரேயடியாகச் செய்ய முடியாது. ஒரு வடிகட்டியை நிறுத்தி, பழைய கரியை உறிஞ்சி எடுத்து, அடித்தளக் குழாய்களைப் பார்வையிட்டுப் புதியதைக் கொட்ட வேண்டும். துளைகளிலுள்ள காற்று வெளியேறப் பல மணி நேரம் ஊற வேண்டும். பிறகு கீழிருந்து மேலாக நீரைச் செலுத்திக் கரித்தூளைக் கழுவி, நீரைச் சோதித்த பிறகே மீண்டும் திறப்பார்கள். ஆபத்தும் உண்டு: ஈரக் கரி, மூடிய தொட்டியிலுள்ள காற்றின் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். சோதிக்காமல் உள்ளே இறங்குபவர் மயங்கி மாள நேரும். பழைய கரியை எறிந்துவிடவும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1992 முதல் நிலையத்திலேயே உலை வைத்துச் சுட்டு, மீண்டும் பயன்படுத்துகிறார்கள்.

நம் இல்லங்களில் உள்ள நீர் சுத்திகரிப்புக் கருவிகள் பலவற்றிலும் இதே கரிதான் சிறு குழலில் இருக்கிறது. நீர் நன்றாக வருகிறதே என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்போர் பலர். பழைய கரியில் நுண்கிருமிகளும் குடியேறிப் பெருகும். தயாரிப்பாளர் குறித்த காலத்தைப் பார்த்து, மாற்றிய தேதியைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். புதிய குழலிலிருந்து முதலில் வரும் கருமையான நீரைத் தெளியும்வரை வெளியே விட்டுவிடலாம். அது கரித்தூள், வேறொன்றுமில்லை.