மாதம் இரண்டு நாள்தானே!

"பையன் இன்று பள்ளிக்கூடம் போகவில்லையா?"

"இல்லை. ஒரு நாள்தானே! நாளைக்குப் போவான்."

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஊரில் கொடை விழா. ஒரு நாள் போயிற்று. மாமன் வீட்டுக் கல்யாணம்; ஒரு நாள் போயிற்று. காலையில் தூறல் போட்டது. ஒரு நாள் போயிற்று. அம்மா களை எடுக்கப் போக வேண்டும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மூத்த பெண்ணுக்கு ஒரு நாள் போயிற்று.

இப்படி மாதத்தில் இரண்டு நாள் போய்விடுகிறது. இது ஒரு நஷ்டம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நஷ்டம்தானா, இல்லையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எட்டு மாதப் படிப்பு

பள்ளிக்கூடம் ஆண்டுக்குப் பத்து மாதம் நடக்கிறது. மாதம் 2 நாள் என்றால், ஆண்டுக்கு 20 நாள். கட்டாயக் கல்விச் சட்டப்படி, 1-ம் வகுப்பு முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். 200-ல் 20 போனால், பத்தில் ஒரு பங்கு பாடம் போய்விட்டது என்று அர்த்தம்.

எட்டாம் வகுப்பு முடிவதற்குள் 160 நாள் போய்விடும். ஏறக்குறைய 8 மாதப் படிப்பு! யாரும் திருடவில்லை. நாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி எறிந்துவிட்டோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். படிப்பும் அப்படித்தான் தேய்கிறது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், பத்தில் ஒரு நாள் வராத பிள்ளையைக் கல்வித் துறையினர் தனியாகக் குறித்து வைத்துக் கவனிக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். நாமோ, "இரண்டு நாள்தானே" என்கிறோம்!

52-ல் 17 போனால்?

வராத நாளில் என்ன நடக்கிறது? சிறு பிள்ளைகளின் கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை ஆசிரியர், "கடன் வாங்கிக் கழித்தல்" சொல்லித் தருகிறார். ஒரு பையன் அன்று வரவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறான். 52-ல் 17 போனால் எவ்வளவு என்று கேட்கிறார் ஆசிரியர். 2-ல் 7 போகாது. பக்கத்தில் கடன் வாங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. 7-ல் 2-ஐக் கழித்து, 45 என்கிறான். சரியான விடை 35. வகுப்பு சிரிக்கிறது.

அவன் மக்கா? இல்லவே இல்லை! திங்கட்கிழமை வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வகுத்தல் வருகிறது. கழிக்கத் தெரியாதவன் எப்படி வகுப்பான்? அதற்கு அடுத்து பின்னம் வருகிறது. ஒரு செங்கல் இல்லாத இடத்தில் மேலே மேலே சுவர் எழும்புகிறது. கணக்கு வகுப்பு என்றாலே பையனுக்குப் பயம். பயம் வந்தால், காலையில் வயிற்று வலியும் வரும். முதலில் வராததால் பாடம் புரியவில்லை. பிறகு பாடம் புரியாததால் வருவதில்லை. பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் பலர் இந்த வழியாகத்தான் வெளியே போயிருக்கிறார்கள்.

அன்று பெரியவர்கள் செய்தது

பிள்ளைகள் வராததற்கு நம் நாட்டில் முன்பு பெரிய காரணமாக இருந்தது பசி. அதற்குப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்?

1920-ல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது, செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது என்பது தீர்மானம். 1956-ல் முதல் அமைச்சர் காமராஜர் பகல் உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். தம் படிப்பைச் சிறு வயதிலேயே நிறுத்தியவர் அவர். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டித் திட்டம் மதுரையில் தொடங்கியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டு யாரும் பிரம்பை எடுக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காரணத்தை நீக்கினார்கள். பிள்ளைகள் வந்தார்கள்.

இன்றைக்கும் அதே வழிதான் பலிக்கும் என்பது என் எண்ணம். ஆனால், இன்றைய காரணம் வீட்டுக்கு வீடு வேறு. கேட்டால்தான் தெரியும்.

காரணங்கள் எத்தனை!

மூத்த பெண் பிள்ளை வராவிட்டால், வீட்டில் சிறு குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளைக்கு அங்கன்வாடி இருக்கிறது. தம்பி அங்கன்வாடிக்குப் போனால் அக்கா பள்ளிக்கூடம் போவாள்.

வயதுக்கு வந்த பெண் மாதத்தில் மூன்று நாள் வராவிட்டால், பள்ளியில் கழிப்பறைக்குக் கதவும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதைப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால்தான் பெண்ணின் படிப்பு கெடும்.

குடும்பத்தோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போகும் பிள்ளை, மாதக்கணக்கில் வராது. பெற்றோர் பிழைப்புக்காகப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆனால், போன ஊரிலும் பள்ளிக்கூடம் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆனாலும், 14 வயது வரை உள்ள பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறது சட்டம். இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அடிக்கடி காய்ச்சல், சோகை, வயிற்றுப் பூச்சி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பூச்சிக்கு ஒரு மாத்திரை போதும்.

இன்னொரு காரணம் பயம். பெரிய பையன்கள் கேலி செய்கிறார்களா? யாராவது அடிக்கிறார்களா? பிள்ளை தானாகச் சொல்லாது. பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாகக் கேட்க வேண்டும். திட்டிக் கேட்டால் உண்மை வராது.

ஆசிரியர்களுக்கு

வராத பிள்ளையைப் பத்தாம் நாள் தேடுவது வீண். முதல் நாளே தேட வேண்டும். முன்பு வீடு வீடாக நடக்க வேண்டி இருந்தது. இப்போது தொலைபேசியில் இரண்டு நிமிட வேலை. "இன்று உங்கள் மகள் வரவில்லையே, உடம்புக்கு என்ன?" என்று ஆசிரியர் கேட்டால், அந்தத் தாய் அடுத்த முறை ஒரு தடவை யோசிப்பாள். "என் பிள்ளை வராவிட்டால் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார்" என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளை திரும்பி வந்ததும், "வாங்க துரை!" என்று குத்திப் பேச வேண்டாம். அது மறுபடியும் வாசலைக் காட்டுவது போல. விட்டுப்போன பாடத்தைப் பத்து நிமிடம் சொல்லிக் கொடுங்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு வேலைச் சுமை அதிகம் என்பது உண்மைதான். பள்ளி மேலாண்மைக் குழு அதற்கு உதவலாம். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே தெருவில் இருப்பவர்கள், வராத பிள்ளையின் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் அல்லவா?

பெற்றோர்களே!

சுவரில் தேதிக் காலண்டர் தொங்குகிறது. பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளில், அதில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வட்டம் போடலாம். காரணம் எதுவாக இருந்தாலும் வட்டம் வட்டம்தான். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

ஒரு வட்டம் இருந்தால் கவலை வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில்தான் இருக்க வேண்டும். இரண்டு வட்டம் இருந்தால் யோசியுங்கள். மூன்று வட்டம் இருந்தால், மறுநாளே பள்ளிக்கூடம் போய் ஆசிரியரைப் பாருங்கள்.

கல்யாணத்துக்குப் பெரியவர்கள் போய் வாருங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும். மாமன் கோபித்துக்கொண்டால் நாளைக்குச் சமாதானம் செய்துகொள்ளலாம். போன பாடம் திரும்பி வருமா?