அமெரிக்க விவசாயியே நம்பாத அரசாங்கம்!



"அமெரிக்காவைப் பாருங்க!" என்று நமக்குப் பாடம் எடுக்காத ஆள் உண்டா? விதைக் கம்பெனிக்காரர் சொல்கிறார், கூட்டத்துக்கு வரும் அதிகாரி சொல்கிறார், திரை கட்டிப் படமே காட்டுகிறார்கள். ஆயிரம் ஏக்கரில் ஒரே மெஷின் ஓடுது, ஒருத்தன் ஏசிக்குள்ள உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கிட்டே அறுவடை பண்றான். நாமும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். அந்த மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கிறவனிடம் "உன் கவர்மெண்ட் எப்படிய்யா?" என்று கேட்டு வந்து நமக்குச் சொன்னவர் ஒருத்தரும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

அமெரிக்காவில் ஒரே கேள்வியை அறுபது வருசத்துக்கும் மேலாக ஜனங்களிடம் கேட்டு வருகிறார்கள். "வாஷிங்டன் அரசாங்கம் பெரும்பாலும் நியாயமாக நடக்கும் என்று நம்புகிறீர்களா?" என்பது கேள்வி. 1964-ல் நூற்றுக்கு 77 பேர் நம்புகிறோம் என்றார்கள். 2023-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 16 பேர். 2007-க்குப் பிறகு இந்தக் கணக்கு முப்பதைத் தாண்டவே இல்லை. இதற்குள் ஆட்சி இந்தக் கட்சிக்கும் அந்தக் கட்சிக்கும் எத்தனை தடவை கைமாறியது? கொடி மாறியது, நம்பிக்கை திரும்பி வரவில்லை.

சும்மா போகவில்லை அந்த நம்பிக்கை. வியட்நாமில் ஜெயிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே 58,000 பிள்ளைகளைப் பலி கொடுத்தார்கள். அது பொய் என்று அரசாங்கத்தின் சொந்த ரகசியக் காகிதங்களே 1971-ல் வெளியே வந்து சாட்சி சொன்னது. 1974-ல் வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த ஃபோர்டு ஒரே மாதத்தில் அவருக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டார். ஆடு திருடினவனுக்கு ஒரு சட்டம், ஜனாதிபதிக்கு ஒரு சட்டம். 2003-ல் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்குது என்று சொல்லிப் போனார்கள். ஆயுதம் கிடைக்கவில்லை. 4,400 அமெரிக்கப் படையினருக்கு மேல் பிணமாகத் திரும்பினார்கள், ஈராக் ஜனங்கள் செத்தது லட்சக்கணக்கில். 2008-ல் பெரிய பாங்குகள் சூதாடித் தோற்றபோது 70,000 கோடி டாலர் ஒதுக்கி அவர்களைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த வருசம் ஜனாதிபதி பதவிக்கு எதிரும் புதிருமாக நின்ற ஒபாமா, மெக்கெய்ன் இரண்டு பேருமே அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். தவணை கட்ட முடியாத லட்சோபலட்சம் குடும்பங்கள் வீட்டை இழந்து நடுத்தெருவுக்கு வந்தன. பெரிய பாங்கு முதலாளி ஒருத்தராவது ஜெயிலுக்குப் போனாரா? இல்லை.

இதெல்லாம் எல்லோரும் அறிந்த கதை. நாம் பேச வந்தது விவசாயி கதை.

1971 முதல் 1976 வரை அங்கே விவசாய மந்திரியாக இருந்தவர் ஏர்ல் பட்ஸ். மந்திரியாவதற்கு முன் ரால்ஸ்டன் ப்யூரினா என்ற தீவனக் கம்பெனியில் டைரக்டர். அவர் விவசாயிகளுக்குச் சொன்ன புத்திமதி: பெரிசா ஆகு, இல்லாட்டி ஓடிப் போ. வேலி ஓரம் வரைக்கும் விதை, மிஞ்சினதை உலகம் வாங்கிக்கும் என்றார். அப்போது ரஷ்யா தானியம் வாங்கிக்கொண்டிருந்தது, விலையும் நன்றாக இருந்தது. பாங்குக்காரன் வீடு தேடி வந்து கடன் கொடுத்தான். பக்கத்துக் காட்டை வாங்கு, பெரிய டிராக்டர் எடு என்றான். நம்பினார்கள், வாங்கினார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? விலைவாசியை அடக்குகிறோம் என்று மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. 1980 கடைசியில் பாங்கு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. நம்ம ஊர் கந்துவட்டிக்காரன் தோற்றான் போங்கள்! அதே வருசம் ஜனவரியில், ரஷ்யா ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததற்குத் தண்டனை என்று ஜனாதிபதி கார்ட்டர் தானிய ஏற்றுமதிக்குத் தடை போட்டார். ரஷ்யா வேறு நாட்டில் வாங்கிக்கொண்டது. தண்டனை அயோவா விவசாயிக்கு. அயோவாவில் 1981-ல் இருந்து ஐந்து வருசத்தில் நிலத்தின் விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அடமானத்துக்கு நிலம் ஈடாகவில்லை என்று ஜப்தி, ஏலம், தூக்கு. பறிபோன ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வெள்ளைச் சிலுவை என்று கோர்ட் வாசலில் நட்டு வைத்தார்கள்.

1985 மார்ச்சில் விவசாயிகளுக்கு அவசரக் கடன் உதவி கொடுக்கும் மசோதா வந்தது. ஜனாதிபதி ரீகன் அதைத் தள்ளுபடி செய்தார். அதே மாதம் பத்திரிகையாளர் விருந்து ஒன்றில் அவர் அடித்த ஜோக்கைக் கேளுங்கள்: தானியத்தை வைத்துக்கொண்டு விவசாயியை ஏற்றுமதி செய்துவிடலாமாம்! விருந்தில் சிரித்திருப்பார்கள். சிலுவை நட்டவன் அதைப் பேப்பரில் படித்திருப்பான்.

அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1979 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான டிராக்டர்களை நாடு குறுக்கே ஓட்டி வந்து வாஷிங்டனை அடைத்தார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? நாம் கேட்கிற அதே கட்டுப்படியாகும் விலைதான். போலீஸ், குப்பை லாரியையும் பஸ்ஸையும் சுற்றி நிறுத்தி டிராக்டர்களை மைதானத்துக்குள் அடைத்துப் போட்டது. இரண்டு வாரம் கழித்துப் பெரும் பனி கொட்டி நகரமே முடங்கிப் போனபோது, அந்த டிராக்டர்கள்தான் ரோட்டில் பனியைத் தள்ளின, டாக்டரையும் நர்ஸையும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தன. நகரத்து ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். விலை மட்டும் கிடைக்கவில்லை.

460 ஏக்கர் வைத்திருப்பவனுக்கு என்ன கஷ்டம் என்று சிலர் கேட்பார்கள். அங்கே 2022 கணக்கெடுப்பில் ஒரு பண்ணையின் சராசரி அவ்வளவுதான். ஆனால் நிலம் பெரிசானால் கடனும் பெரிசு. பெரும்பாலான குடும்பங்களில் புருசனோ பொஞ்சாதியோ வெளியே வேலைக்குப் போய்த்தான் அடுப்பு எரிகிறது. 2017-க்கும் 2022-க்கும் நடுவில் மட்டும் 1,40,000 பண்ணைகள் காணாமல் போயின. மாடு வைத்திருப்பவர்கள் இதையும் கேளுங்கள்: 2003-ல் 70,000-க்கு மேல் இருந்த பால் பண்ணைகள் 2020-ல் 32,000-க்கும் கீழே வந்துவிட்டன. பால் குறைந்ததா? இல்லை, கூடியது. பண்ணைக்காரன்தான் குறைந்தான்.

கறுப்பின விவசாயிகள் நிலைமை இன்னும் மோசம். 1920-ல் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. கடன் கேட்டுப் போனால் சர்க்கார் ஆபீசிலேயே நிறம் பார்த்து இழுத்தடித்தார்கள் என்று கேஸ் போட்டு, 1999-ல் அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. 2021-ல் வெள்ளையரல்லாத விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்கிறோம் என்று சட்டம் போட்டார்கள். கோர்ட்டில் தடை வந்தது, அடுத்த வருசம் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது கம்பெனி விசயத்துக்கு வருவோம். அங்கே கறிமாட்டில் 85 சதவீதத்தை வாங்கி அறுப்பது நாலே நாலு கம்பெனி. டைசன், கார்கில், ஜேபிஎஸ், நேஷனல் பீஃப். மண்டியில் நாலு வியாபாரி துண்டுக்குள் கையைப் பிடித்து விலை பேசினால் நம்ம கதி என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கறிக்கோழியும் அப்படித்தான். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, ஷெட் போட்ட கடன் மட்டும் விவசாயியுடையது. பக்கத்துப் பண்ணையோடு போட்டி வைத்து, பின்தங்கினவனுக்குக் கூலியைக் குறைக்கிறார்கள். பல்லடம் பக்கம் வளர்ப்புக்கூலிக்குக் கோழி வளர்க்கிறவர்களுக்கு இது எங்கே இருந்து வந்த வித்தை என்று இப்போது புரிந்திருக்கும்.

2010-ல் ஒபாமா அரசாங்கம் இதைச் சரிசெய்யப் போகிறோம் என்று மாநிலம் மாநிலமாகக் கூட்டம் போட்டுக் குறை கேட்டது. பேசினால் கம்பெனி குஞ்சு விடாது என்று பயந்து பயந்து வந்து பேசினார்கள் விவசாயிகள். நடந்தது என்ன? விதிமுறை எழுதினார்கள். அதை அமல்படுத்தப் பணம் இல்லை என்று பாராளுமன்றம் வருசா வருசம் முட்டுக்கட்டை போட்டது. 2017-ல் டிரம்ப் அரசாங்கம் வந்து மீதி இருந்ததையும் கைவிட்டது. கறிமேல் எந்த நாட்டு மாடு என்று ஒட்ட வேண்டும் என்ற சட்டம் ஒன்று இருந்தது, அது விவசாயி கேட்டு வாங்கியது. உலக வர்த்தக அமைப்பில் கனடாவும் மெக்சிகோவும் ஜெயித்ததும், 2015-ல் இரண்டு கட்சியும் சேர்ந்து அதை ரத்து செய்தன. கையெழுத்துப் போட்டவர் ஒபாமா. அவருடைய விவசாய மந்திரி டாம் வில்சாக் 2017-ல் பதவி முடிந்ததும் பால் ஏற்றுமதிக்காரர்களின் அமைப்புக்குத் தலைவராகப் போனார். 2021-ல் பைடன் அதே ஆளைத் திரும்பவும் விவசாய மந்திரி ஆக்கினார்! பால் பண்ணையை மூடினவன் யாரை நம்புவான், சொல்லுங்கள்.

இந்த வயிற்றெரிச்சலில்தான் அயோவா மாநிலத்தில் 31 மாவட்டங்கள், இரண்டு தடவை ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டவை, 2016-ல் டிரம்புக்குப் போட்டன. பழைய ஆட்களுக்கு ஒரு அடி விழட்டும் என்று பலர் போட்டார்கள். அவர் என்ன செய்தார்? 2018-ல் சீனாவோடு வரிச் சண்டை. சீனா அமெரிக்க சோயா மேல் 25 சதவீத வரி போட்டது. விவசாயிக்கு ஈடுகட்ட 2,300 கோடி டாலர் கொடுத்தார்கள், அதில் பெரும்பங்கு பெரிய பண்ணைகளுக்கு. விலையைத் தூக்க இறைச்சி கொள்முதல் செய்கிறோம் என்று பிரேசில் முதலாளிகளின் ஜேபிஎஸ் கம்பெனிக்கும் 6 கோடி டாலருக்கு மேல் போனது.

2025-ல் அதே படம் மறுபடியும் ஓடியது. சோயா ஏற்றுமதியில் பாதியை வாங்கிக்கொண்டிருந்த சீனா, மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை புதிதாக ஒரு கப்பல்கூட வாங்கவில்லை. அறுவடை நேரம், குதிர் நிறையச் சரக்கு. அப்போது பார்த்து அர்ஜென்டினா நாட்டுக்கு 2,000 கோடி டாலர் கைகொடுக்கிறோம் என்று அறிவித்தது வாஷிங்டன். அந்த அர்ஜென்டினா ஏற்றுமதி வரியை நிறுத்திவைத்து, சீனாவுக்குச் சோயாவை விற்றது! அது போதாது என்று, கறி விலையைக் குறைக்க அர்ஜென்டினா மாட்டுக்கறி வாங்குவோம் என்று அக்டோபரில் டிரம்ப் சொன்னார். அவருக்கே ஓட்டுப் போட்ட மாட்டுப் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். டிசம்பரில் 1,200 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தார்கள். "எங்களுக்குச் செக் வேண்டாம், சந்தையைக் கொடு" என்பதுதான் அங்கே பல விவசாயிகள் சொன்ன பதில்.

இந்த அரசாங்கத்தின் பேச்சைக் கேட்டுத்தான் நம்ம காட்டிலும் கை வைக்கிறார்கள். பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா பருத்திக்குக் கொடுக்கும் மானியம் நியாயமில்லை என்று பிரேசில் கேஸ் போட்டு 2005-ல் இறுதியாக ஜெயித்தது. மானியத்தைக் குறைத்தார்களா? பிரேசில் பதிலடி கொடுக்கக் கிளம்பியதும், 2010-ல் இருந்து வருசம் 14 கோடி டாலருக்கு மேல் பிரேசிலுக்குக் கட்டி வாயை அடைத்தார்கள். தன் மானியத்தைக் காப்பாற்ற அடுத்த நாட்டுக்குப் பணம் கட்டிய அரசாங்கம், ஏழை நாட்டைப் பார்த்து மானியத்தை வெட்டு என்கிறது!

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்கு மேல் 50 சதவீத வரி போட்டது அமெரிக்கா. திருப்பூர் தவித்தது. அதே ஆகஸ்டில் நம்ம மத்திய அரசு பஞ்சு மேல் இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், அப்புறம் டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். ஆலைகளுக்கு உதவ என்றார்கள், ஆலைக்கு நெருக்கடி இருந்தது உண்மைதான். ஆனால் பெரம்பலூரிலும் விருதுநகரிலும் மானாவாரிக் காட்டில் பருத்தி ஊன்றுகிற மாதங்கள் அவை. அவனைக் கேட்டார்களா?

அடுத்து மக்காச்சோளம். 140 கோடி பேர் இருக்கும் இந்தியா எங்களிடம் ஒரு மூட்டை சோளம்கூட வாங்க மாட்டேன் என்கிறதே என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க வணிக மந்திரி லட்னிக் கேட்டார். சோயாவும் பாலும் அந்தப் பட்டியலில் உண்டு. அமெரிக்கச் சோளம் வந்தால் தீவனம் மலிவு, முட்டை மலிவு என்று பேச ஆட்கள் வருவார்கள், சில பேர் வந்தும் விட்டார்கள். அப்படி வருகிறவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அயோவாக்காரனுக்கு அந்த மூட்டையில் என்னய்யா மிஞ்சிச்சு?

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்