பிழை செவியிலா, சிந்தனையிலா?

ஆங்கிலத்தில் ‘ரு ஓல் இன்ரென்ற்ஸ் அன்ட் பேர்பசஸ்’ என்றொரு தொடர் உண்டு. ‘சட்டப்படியோ பெயரளவிலோ அவ்வாறில்லாவிடினும் நடைமுறையில் அவ்வாறே’ என்பது அதன் பொருள். பல்கலைக்கழக மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளில் இத்தொடர் வெகுவாகப் பயின்று வருகின்றது. எவரேனும் அதனை ‘இன்ரென்சிவ் பேர்பசஸ்’ எனச் செவிவழிப் பிழையாக எழுதிவிட்டால் நகைப்பொலி எழுகின்றது. எழுதியவர் நகரப் பாடசாலையை அறியாதவர் என்ற தீர்ப்பும் உடன் வழங்கப்படுகின்றது.

இந்நகைப்பு நியாயமானதன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இதே பிழையைச் செய்கின்றனர். இத்தகைய பிழைகளைக் குறிக்க ‘எக்கோர்ண்’ என்னும் பெயரை ஜெப்ரி புல்லம் என்ற மொழியியலாளர் 2003 இல் முன்மொழிந்தார். கேட்ட ஒலிக்குத் தானறிந்த சொல்லொன்றைப் பொருத்திப் பார்ப்பது மனத்தின் இயல்பு. மேலும், இத்தொடர் பதினாறாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்டமொழியிற் பிறந்தது. எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டவாசகத்தில் இவ்விரு சொற்களுக்குமிடையே ‘பொருள்கோடல்’ எனப் பொருள்படும் மூன்றாவது சொல்லும் நின்றது. சட்டத்தில் ஓட்டை விழாதிருக்கச் சொற்களை அடுக்கிய பழக்கத்தின் எச்சமே இது. அவ்வடுக்கில் ஒரு சொல்லைச் செவி தவறவிடுவது பெருங்குற்றமன்று.

பெருங்குற்றம் பிறிதொன்று. எழுத்துப் பிழையின்றி எழுதுவோருட் பலர் இத்தொடரின் பொருளைப் பிழைபட ஆள்கின்றனர். 1948 முதல் 1972 வரை இலங்கையின் நிறைவேற்றதிகாரம் சட்டப்படி பிரித்தானிய முடியிடமே இருந்தது. நடைமுறையில் ஆட்சி செலுத்தியோர் பிரதமரும் அமைச்சரவையுமே. அக்காலப் பிரதமரை நிறைவேற்றுத் தலைவர் எனக் கூறுகையில் இத்தொடர் பொருந்தும். 1978 ஆம் ஆண்டு யாப்பின் சனாதிபதியைப் பற்றி அவ்வாறெழுதுதல் தவறு. அவரை நிறைவேற்றுத் துறையின் தலைவரென யாப்பே வெளிப்படையாகக் கூறுகின்றது.

‘தமிழ் இந்நாட்டில் நடைமுறையளவில் அரசகரும மொழியே’ என்ற கருத்தில் இத்தொடரை ஆள்வோரின் தவறு இன்னும் பாரதூரமானது. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென விதித்தது. ஆகவே சட்டத்தில் அவ்வுரிமை உண்டு. அலுவலகப் படிவத்திலும் கடிதத்திலும் பொலிஸ் நிலையத்திலும் அது நிறைவேறாமையே தமிழ் மக்களின் முறைப்பாடு. அத்தொடரோ சட்டத்தில் இல்லாததை நடைமுறையில் உண்டென்கிறது. உண்மை முற்றாகத் தலைகீழாகிவிடுகின்றது. இலக்கணத்தில் குறைகாண முடியாத வாக்கியமொன்று ஒரு சமூகத்தின் குறையையே மறைத்துவிடுகின்றது.

நகைப்போர் முதலில் தத்தம் வாக்கியத்தை நோக்கி ஒரு வினா எழுப்புதல் வேண்டும்: சொல்லப்படும் பொருள் பெயரளவிலும் அவ்வாறே உள்ளதா? ஆமெனின் இத்தொடர் வேண்டியதில்லை. பெயரளவில் மட்டும் உண்டெனின் இத்தொடர் பொய். இவ்வினாவை எழுப்பாதவருக்கு, செவியாற் பிழைத்தவரைத் திருத்தும் தகுதி கிடையாது.